குடும்பத்தை எப்போது அழைத்து வருவது?

(திருப்பதியில் நடைபெற்ற நமது சங்கத்தின் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இந்தப் பக்கத்து ஆலைகளுக்கு யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்பது ரயில்வேயில் வேலை பார்க்கும் எங்களுக்கு மற்றவர்களுக்கு முன்பே தெரிந்துவிடும். தனி ஆளாக வந்து இறங்குகிறவர் தோளில் ஒரு பை இருக்கும். வெளியே போகுமுன் கவுண்டருக்கு வந்து, "சனிக்கிழமை ராத்திரி அரக்கோணம் போக வண்டி எத்தனை மணிக்கு?" என்று கேட்பார். குடும்பமாக வந்து இறங்கினால் கியாஸ் அடுப்பு, மிக்சி, சுருட்டிய பாய், பாத்திரம் திணித்த குடம், இவற்றுக்கெல்லாம் மேலே பிள்ளையின் புத்தகப் பை. அவர்கள் திரும்பும் வண்டியைக் கேட்பதில்லை.

அந்தப் புத்தகப் பையைப் பற்றிப் பேசத்தான் இன்று உங்களைக் கூட்டியிருக்கிறோம். கூலி, ஷிப்டு, கேன்டீன் பற்றியெல்லாம் போன கூட்டங்களில் பேசியாயிற்று. இது வீட்டுக்குள் பேச வேண்டிய விஷயம் என்று இதுவரை ஒதுக்கியே வைத்திருந்தோம். ஒதுக்கியது தவறு என்று ஒரு குடும்பம் எங்களுக்குக் காட்டிவிட்டது.

மூன்று ஆண்டுகளுக்கு முன் அரக்கோணம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து அந்தக் குடும்பம் வந்தது. ஆதிதிராவிடர் குடும்பம். கணவருக்கு இங்கே ஓர் ஆலையில் வேலை. மகள் அப்போது ஒன்பதாம் வகுப்பு முடித்திருந்தாள். ஊர் வீட்டைப் பூட்டி, ஆட்டை விற்று, பிள்ளைக்கு டி.சி. வாங்கிக்கொண்டு வந்தார்கள். "ஆண்பிள்ளை தனியாகக் கிடந்தால் சம்பளம் பாதி ஓட்டலுக்கும் மீதி சாராயக் கடைக்கும் போகும், குடும்பத்தைக் கொண்டு வந்துவிடு" என்று அவருக்கு யோசனை சொன்னவர்கள் யார் தெரியுமா? நாங்கள்தான். இந்தச் சங்கம்தான்.

வந்த பிறகே தெரிந்தது, வேலை கம்பெனியின் வேலை அல்ல, காண்டிராக்டரின் வேலை என்று. பதினோராம் மாதம் பெயரை எடுத்துவிட்டார்கள். பிறகு வேறொரு காண்டிராக்டரிடம், குறைந்த கூலிக்கு, அதே கேட் வழியாக உள்ளே போனார். அதைக்கூடத் தாங்கிக்கொண்டார்கள். மகள் பத்தாம் வகுப்பை இங்கே படித்தாள். எழுத்துக்கூட்டத் தெரியாத தெலுங்கை ஒரே வருடத்தில் கற்றுத் தேறினாள். இன்டர்மீடியட்டும் தேறினாள். கல்லூரிக்கு மனுப் போடும் நாளில் எங்களையும் கூட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போனார்கள். அங்கே இருந்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். புத்தகத்தைத் திறந்து விதியைக் காட்டினார். அந்தப் பெண் இந்த மாநிலத்தில் உள்ளூர் மாணவி அல்ல. தமிழ்நாட்டில் வாங்கிய சாதிச் சான்றிதழ் இங்கே செல்லாது. ஊரிலேயே படித்திருந்தால் கிடைத்திருக்கும் சலுகைகளும் டி.சி. வாங்கிய நாளோடு போயின. வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றபோது அந்தத் தாய் கேட்டார்: "எங்க பொண்ணு இப்ப எந்த ஊருப் பொண்ணுங்க?"

எங்களிடம் பதில் இல்லை. அன்றிலிருந்து விதிகளைத் தேடிப் படித்தோம். படித்ததைச் சொல்கிறோம். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

முதலில் ஒரு விஷயம். இந்த மண்ணில் தமிழர் எல்லோரும் வந்தேறிகள் அல்லர். சித்தூர் ஜில்லாவே 1911-இல்தான் உருவாயிற்று; வட ஆற்காட்டின் தாலுகாக்கள் பல அதில் சேர்ந்தன. 1953-இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது ம.பொ.சி. தலைமையில் வடக்கெல்லைப் போராட்டம் நடந்ததைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பிறகு படாஸ்கர் தீர்ப்பின்படி 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தணி அந்தப் பக்கம் போயிற்று. பொன்னேரி, திருவள்ளூர் தாலுகாக்களின் கிராமங்கள் இந்தப் பக்கம் வந்து சத்தியவேடு தாலுகா ஆயின. அந்த ஊர்க்காரர்கள் ஓர் அடியும் நகரவில்லை. எல்லைதான் நகர்ந்தது. 2008-இல் ஸ்ரீசிட்டி வந்தது அந்தச் சத்தியவேட்டு மண்ணில்தான். ஆக அங்கே கேட் வாசலில் நிற்கும் தமிழரில் இரண்டு வகை உண்டு. ஒருவர் பாட்டன் காலத்திலிருந்து அங்கேயே இருப்பவர். இன்னொருவர் போன மாதம் ஏஜெண்டு பேச்சைக் கேட்டு ராணிப்பேட்டையிலிருந்தோ விழுப்புரத்திலிருந்தோ வந்தவர். இருவரும் பேசுவது ஒரே தமிழ். சட்டத்தின் கண்ணில் இருவரும் வேறு வேறு. இன்று நாம் பேசுவது இரண்டாமவருக்கு.

வேலைகள் வருகின்றன என்பதில் சந்தேகமில்லை. 1985-இல் தொடங்கிய அமர ராஜா கரகம்பாடியில் வளர்ந்தது. செட்டிப்பள்ளியில் நம் ரயில்வேயின் பெட்டி பழுதுபார்க்கும் பணிமனை இருக்கிறது. ஸ்ரீசிட்டியில் 2016-இல் இசுசு கார் ஆலை திறந்தது. வரதையபாளையம் மண்டலம் சின்னபாண்டூரில் 2020-இல் அப்பல்லோ டயர் ஆலை ஓடத் தொடங்கியது. ரேணிகுண்டாவைச் சுற்றி டி.வி., செல்போன் செய்யும் கூடங்கள். இன்னும் வரும். வேலை தேடி வருகிறவனை வராதே என்று சொல்ல நமக்கு உரிமை கிடையாது. வயிறு எல்லைக் கல்லைப் பார்ப்பதில்லை. நாம் கேட்பதெல்லாம் ஒன்றுதான்: ஆள் வரட்டும், குடும்பம் எப்போது வருவது?

நம் முன்னோரும் இதே கேள்வியைச் சந்தித்தவர்கள்தான். வட ஆற்காட்டிலிருந்தும் இதே சித்தூர்ச் சீமையிலிருந்தும் 1880-களுக்குப் பிறகு ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கோலார் தங்கவயலுக்குப் போயின. பௌரிங்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் வரை 1894-இல் ரயிலே போட்டார்கள். தங்கத்துக்காகப் போட்ட ரயிலில் மனிதர்களும் போனார்கள். பெரும்பாலும் ஆதிதிராவிட மக்கள். ஊரில் நிலம் இல்லை, மரியாதையும் இல்லை. சுரங்கத்தில் கூலியாவது ரொக்கமாகக் கிடைத்தது. பெண்டு பிள்ளைகளோடு கம்பெனி லைன் வீடுகளில் குடியேறினார்கள். சங்கம் கட்டினார்கள், பள்ளிக்கூடம் கேட்டார்கள், கைரேகை பதியச் சொன்னதை எதிர்த்து 1930-இல் சுரங்கத்தையே நிறுத்திக் காட்டினார்கள். நான்கு தலைமுறை அங்கே பிறந்து வளர்ந்தது. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கத்தை மூடினார்கள். குடியிருந்த வீடு கம்பெனியுடையது. திரும்பிப் போக ஊரில் எதுவும் இல்லை. இன்றைக்கும் விடியற்காலையில் அந்தப் பிள்ளைகள் பெங்களூருக்கு ரயிலேறி வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறார்கள். அந்த வண்டிக் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஆலை மூடினாலும் குடும்பம் மூடுவதில்லை என்று.

தங்கவயல்காரர்களுக்கு அன்றைக்குப் பல வகைத் தாள்கள் இல்லை. இன்றைக்கு நம் குடும்பத்தின் பாதி வாழ்வு தாளில்தான் இருக்கிறது. அவற்றில் முக்கியமான இரண்டைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும்.

முதலாவது, பிள்ளை எந்த வகுப்பில் எங்கே படித்தது என்ற தாள்.

ஆந்திரத்தில் 1969-லும் 1972-லும் பெரிய கிளர்ச்சிகள் நடந்தன. தெலங்கானாக்காரர்களும் கடற்கரை ஆந்திரர்களும், 'எங்கள் வேலையை மற்றப் பகுதிக்காரன் எடுத்துக்கொள்கிறான்' என்று எழுந்தார்கள். அதை அடக்க 1973-இல் அரசியல் சட்டத்தைத் திருத்தி 371-டி என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். அதன் கீழ் 1974-இல் கல்லூரிச் சேர்க்கைக்கும் 1975-இல் அரசு வேலைக்கும் ஜனாதிபதி ஆணைகள் வந்தன. கல்லூரி இடங்களில் 85 விழுக்காடு உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு என்று ஆயிற்று. இவை தமிழனைத் தள்ளிவைக்கப் போட்ட விதிகள் அல்ல, இதைக் கவனியுங்கள். தெலுங்கர் தங்களுக்குள் செய்துகொண்ட பாகப்பிரிவினை. அந்தப் பாகத்தில் நம் பிள்ளைக்குப் பெயர் இல்லை, அவ்வளவுதான்.

உள்ளூர்ப் பிள்ளை என்றால் யார்? தாய்மொழியை அந்த ஆணைகள் கேட்கவில்லை. அப்பனின் ஊரையும் முதலில் கேட்கவில்லை. தேர்வு எழுதிய ஆண்டோடு முடியும்படி தொடர்ந்து நான்கு ஆண்டு அந்தப் பகுதிப் பள்ளியில் படித்திருக்கிறதா என்று கேட்டன. 1975 ஆணைப்படி அரசு வேலைக்கு அந்தத் தேர்வு பத்தாம் வகுப்பு. அதாவது ஏழு, எட்டு, ஒன்பது, பத்து. கல்லூரிக்கு 1974 ஆணைப்படி இன்டர்மீடியட்டோடு முடியும் நான்கு ஆண்டு. விண்ணப்பம் போடும்போது நான்காம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை ஸ்டடி சர்டிபிகேட் கொண்டுவா என்பார்கள். விதிகளில் திருத்தங்கள் வரும், போகும். ஆகவே உங்கள் பிள்ளையின் ஆண்டுக் கணக்கைத் தலைமையாசிரியரிடமும் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் பிள்ளை எத்தனை ஆண்டு இங்கே தொடர்ந்து படித்தது என்ற கேள்வியிலிருந்து தப்பமுடியாது.

எஞ்சிய 15 விழுக்காட்டில் மாநிலத்தில் பத்தாண்டு குடியிருந்தவரின் பிள்ளைகளுக்கும், மத்திய அரசு ஊழியர் பிள்ளைகளுக்கும் ஒரு சந்து வைத்தார்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறோம்: ரயில்வேக்காரர்களான எங்களுக்கு அந்தச் சந்து இருந்ததால்தான் இந்தச் சுவர் இத்தனை நாள் எங்கள் கண்ணில் படவில்லை. காண்டிராக்ட் தொழிலாளிக்கு அந்தச் சந்தும் இல்லை.

இனி எல்லையின் அந்தப் பக்கம் பாருங்கள். தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பிள்ளைக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு இடம் என்று 2020-இல் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டு பொறியியல், வேளாண்மை, சட்டப் படிப்புகளுக்கும் வந்தது. அதே ஆறு முதல் பன்னிரண்டு கணக்கில்தான் 2022-இல் கல்லூரி போகும் பெண் பிள்ளைகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் தொடங்கியது. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தை 2020-இல் திருத்தி, பள்ளிப் படிப்பையும் தமிழ் வழியிலேயே படித்திருக்க வேண்டும் என்று இறுக்கினார்கள்.

இரண்டு பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், தாய்மார்களே. அந்தப் பக்கம் ஆறு முதல் பன்னிரண்டு. இந்தப் பக்கம் ஏழு முதல் பத்து, அல்லது ஒன்பது முதல் பன்னிரண்டு. ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளையைக் கொண்டுவந்தால், இருக்கும் இடத்தில் நிலைத்திருந்தால், இந்தப் பக்கத்துக் கணக்கு நிறையும். பன்னிரண்டு முடிக்கும் வரை ஊரிலே விட்டால் அந்தப் பக்கத்துக் கணக்கு நிறையும். எட்டிலும் ஒன்பதிலும் பத்திலும் பெயர்த்து நட்டால் இரண்டு கணக்கும் குறையாய் நிற்க நேரும். நாம் சொன்ன பெண் விழுந்தது இந்தப் பள்ளத்தில். அப்பன் வேலையிழந்த மாதத்தையும் புது காண்டிராக்டர் கிடைத்த மாதத்தையும் வைத்து நாம் குடும்பத்தை நகர்த்துகிறோம். பிள்ளையின் வகுப்பை வைத்து நகர்த்த வேண்டும்.

இரண்டாவது தாள், சாதிச் சான்றிதழ். இதைப் பற்றிப் பேசப் பலருக்குக் கூச்சம். கூச்சப்பட்டால் இழப்பு நமக்குத்தான்.

தெனாலியில் பிறந்த ஒரு தெலுங்குப் பையன். பழங்குடிச் சான்று பெற்ற குடும்பம். அப்பாவுக்குப் பழங்குடியினர் ஒதுக்கீட்டில் மத்திய அரசின் உரத் தொழிற்சாலையில் வேலை கிடைத்து பம்பாய்க்கு மாறினார்கள். பையனுக்கு அப்போது ஒன்பது வயது. நம்முடைய கதையேதான், திசைதான் வேறு. பம்பாயில் படித்து வளர்ந்து மருத்துவக் கல்லூரிக்கு மனுப் போட்டபோது, நீ மகாராஷ்டிரத்துப் பழங்குடி இல்லை என்று மறுத்தார்கள். மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கு என்று பெயர். உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் 1990-இல் தீர்ப்புச் சொன்னார்கள்: ஒரு மாநிலத்தின் பட்டியலில் உள்ளவர் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் அந்தத் தகுதியைச் சுமந்துகொண்டு போக முடியாது. 2018-இல் பீர் சிங் வழக்கில் இன்னொரு ஐந்து நீதிபதிகள் மாநில அரசு வேலைகளுக்கும் அதையே உறுதிப்படுத்தினார்கள்.

'ஆந்திரப் பட்டியலிலும் ஆதிதிராவிடர் என்ற பெயர் இருக்கிறதே' என்று நம் தோழர்கள் கேட்பார்கள். இருக்கிறது. பெயர் ஒன்றாக இருந்தாலும் ஆள் எந்த மாநிலத்தவர் என்பதே கணக்கு. 1950 ஆகஸ்ட் 10-ஆம் தேதி ஜனாதிபதி ஆணை வந்த நாளில் உங்கள் குடும்பம் எங்கே குடியிருந்தது என்று பார்ப்பார்கள். சேரியில் பட்ட அடி எல்லை தாண்டினால் மறந்துபோகும் என்று எந்த அறிவாளி நினைத்தான் என்று எங்களுக்குக் கோபம் வருகிறது. வீடு வாடகைக்குக் கேட்கும்போது, "மீரெவரு?" என்று தெலுங்கில் கேட்டாலும் அர்த்தம் அதே அர்த்தம்தானே? இருந்தாலும் தீர்ப்பு தீர்ப்பு. நாம் தெரிந்துகொள்ள வேண்டியது, தமிழ்நாட்டுச் சான்றிதழ் செத்துப்போகவில்லை என்பது. தமிழ்நாட்டில் அது செல்லும். மத்திய அரசுப் பணிக்கும், ரயில்வே தேர்வுக்கும், மத்தியக் கல்லூரிகளுக்கும் செல்லும். ஆகவே ஊரை விட்டுக் கிளம்புமுன் அப்பா, அம்மா, ஒவ்வொரு பிள்ளை பெயரிலும் தனித்தனியாகச் சாதிச் சான்றிதழ் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நேட்டிவிட்டி என்று சொல்லும் பிறப்பிடச் சான்றிதழையும் வாங்குங்கள். அந்தப் பெண்ணை இப்போது தமிழ்நாட்டுக் கலைக் கல்லூரி ஒன்றில் சேர்த்திருக்கிறோம் என்றால் அந்தப் பிறப்பிடச் சான்றிதழும், பாட்டி பத்திரமாய் வைத்திருந்த சாதிச் சான்றிதழும்தான் காரணம். அவள் பாட்டி வீட்டில், அப்பா அம்மா இங்கே. சேர்ந்து வாழத்தான் குடும்பமாக வந்தார்கள்.

மற்றத் தாள்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். ரேஷன் கார்டை ஒப்படைக்காதீர்கள். ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்தது. கார்டில் பி.எச்.எச். என்றோ அந்தியோதயா என்றோ இருந்தால் இங்கேயும் அரிசி வாங்கலாம். ஊரில் இருப்பவர்கள் அவர்கள் பங்கையும், இங்கிருப்பவர்கள் இவர்கள் பங்கையும் தனித்தனியே வாங்கலாம். தமிழ்நாட்டுக் கடையில் கிடைக்கும் துவரம் பருப்பும் பாமாயிலும் இங்கே வராது. என்.பி.எச்.எச். கார்டாக இருந்தால் அரிசியும் வராது. பி.எஃப். விஷயத்தில் யு.ஏ.என். நம்பர் ஒன்றுதான் இருக்க வேண்டும். ஒவ்வொரு காண்டிராக்டரும் புதுசாக ஒன்று போடப் பார்ப்பான், விடாதீர்கள். ஈ.எஸ்.ஐ. நம்பரும் அப்படியே. 2025 ஆகஸ்ட் 15 முதல் ஆந்திர அரசு பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, ஆந்திர முகவரி அட்டை காட்ட வேண்டும் என்று வந்ததும் சில தாய்மார்கள் ஆதார் முகவரியை மாற்ற ஓடினார்கள். பஸ் டிக்கெட்டுக்காக ஓடாதீர்கள். எது எது அந்த முகவரியைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

தாய்மார்கள் இழப்பதை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. ஊரில் நூறு நாள் வேலை என்று பழகிய ஊராட்சி வேலை, மகளிர் குழுவின் கடன், பால் ஊற்றிய பசு, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள மாமியார், இத்தனையும் விட்டு வருகிறார். இங்கே வந்து ஒற்றை அறையில், மொழி தெரியாத தெருவில், மூன்று ஷிப்டுக்கும் மூன்று வேளை உலை வைக்கிறார். "வீட்டுக்காரர் நைட் ஷிப்டு வந்து தூங்கினால் பிள்ளை வாசலில் உட்கார்ந்து படிக்கிறது" என்று ஒரு தாய் சொன்னார். கணவரின் கூலி ஐயாயிரம் உயர்ந்தது என்று சந்தோஷப்படுமுன், மனைவியின் சம்பாத்தியம் எவ்வளவு போயிற்று, வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். மனைவியே எழுதட்டும். அவருக்குத்தான் கணக்குத் தெரியும்.

வேலைக் கடிதம் பற்றி ஒரு வார்த்தை. 1979-ஆம் ஆண்டு வெளிமாநிலத் தொழிலாளர் சட்டத்தில், காண்டிராக்டர் மூலம் வருகிறவருக்கு இடப்பெயர்ச்சிப் படியாக மாதக் கூலியில் பாதி தரவேண்டும் என்று இருந்தது. யார் கொடுத்தார்கள் என்று கேட்காதீர்கள். 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளைக் கொண்டுவந்து பழைய சட்டத்தை எடுத்துவிட்டார்கள். அந்தப் படியும் போயிற்று. புதியதில் நாம் பிடித்துக்கொள்ள மூன்று கயிறு உண்டு. எல்லாத் தொழிலாளிக்கும் நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும். காண்டிராக்டர் அழைக்காமல் தானாக வந்தவரும், மாதம் 18,000 ரூபாய் வரை கூலி என்றால், வெளிமாநிலத் தொழிலாளி என்ற கணக்கில் வருவார். பத்துப் பேரோ அதற்கு மேலோ அப்படி இருக்கும் இடத்தில் வருடத்துக்கு ஒருமுறை ஊர் போய்வரும் கட்டணத்தைக் கொடுக்க வேண்டும். நியமனக் கடிதத்தில் ஆலையின் பெயர் இருக்கிறதா, காண்டிராக்டர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். காண்டிராக்டர் பெயர் என்றால் ஊர் வீட்டுப் பூட்டைத் திறந்தே வையுங்கள்.

கடிதமே இல்லாத அழைப்புக்குப் போகவே வேண்டாம். 2015 ஏப்ரல் 7-ஆம் தேதி இங்கே சேஷாசலம் காட்டில் போலீஸ் சுட்டு இருபது தமிழர் செத்தார்கள். திருவண்ணாமலை, தருமபுரி மலைப் பக்கத்து ஏழைகள் பலர் அதில். நாளுக்கு இத்தனை கூலி என்று எவனோ சொன்ன வார்த்தையை நம்பி வண்டியேறுவது நம் மக்களுக்குப் பழக்கமாகிப் போயிருக்கிறது. அது காடு, இது ஆலை. கூட்டி வருகிறவனின் பேச்சு மட்டும் ஒரே மாதிரி.

"அப்படியானால் குடும்பம் பிரிந்தே கிடக்க வேண்டுமா?" என்று இளைஞர்கள் முணுமுணுப்பது காதில் விழுகிறது. வேண்டாம். தடா, ஸ்ரீசிட்டி, சத்தியவேடு பக்கம் வேலை என்றால் குடித்தனத்தை எல்லைக்கு அந்தப் பக்கம், ஆரம்பாக்கத்திலோ கும்மிடிப்பூண்டியிலோ ஊத்துக்கோட்டையிலோ வையுங்கள். தகப்பன் எல்லை தாண்டி வேலைக்குப் போய்வரட்டும். பிள்ளை தாண்ட வேண்டாம். சூளூர்பேட்டை வரை சென்னை லோக்கல் வண்டி ஓடுகிறது. ரேணிகுண்டா, கரகம்பாடி என்றால் அது நடக்காது. அரக்கோணத்திலிருந்து சுமார் 65 கிலோமீட்டர், ஷிப்டுக்கு வண்டி ஒத்துவராது. அங்கேதான் வகுப்புக் கணக்கைப் பார்க்க வேண்டும். சின்னப் பிள்ளைகள் என்றால், கடிதம் நல்ல கடிதம் என்றால், தைரியமாக வாருங்கள். வந்து வேர் விடுங்கள். தெலுங்கு கற்றுக்கொள்ளுங்கள், பிள்ளைகளுக்கும் வெட்கமில்லாமல் கற்றுக்கொடுங்கள்.

தெலுங்குத் தொழிலாளியோடு நமக்குச் சண்டை இல்லை. 2019 ஜூலையில் ஆந்திரச் சட்டமன்றம் தொழிற்சாலை வேலையில் 75 விழுக்காடு உள்ளூராருக்கு என்று சட்டம் போட்டது. அதே மாதிரி ஹரியானா போட்ட சட்டத்தை 2023 நவம்பரில் அங்குள்ள உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. நீதிமன்றம் சொல்வது ஒரு பக்கம். நிலத்தை ஆலைக்குக் கொடுத்துவிட்டு அதன் கேட் வாசலில் வேலை கேட்டு நிற்கும் தெலுங்கு விவசாயி மகனின் வயிற்றெரிச்சல் இன்னொரு பக்கம். அவனுக்கு நிரந்தர வேலை தர வேண்டாம் என்றுதான் நம்மைக் காண்டிராக்டில் கொண்டுவருகிறார்கள். நமக்கும் நிரந்தரம் இல்லை, அவனுக்கும் இல்லை. இதை அவனிடம் அவன் மொழியில் சொல்ல நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

கடைசியாகப் பள்ளிக்கூடம். உள்ளூர்க் கணக்கு மொழியைக் கேட்பதில்லை என்று சொன்னோம். ஆகவே இந்த ஜில்லாவின் தமிழ் வழிப் பள்ளியில் படித்தாலும் பிள்ளை உள்ளூர்ப் பிள்ளைதான். 1956-இல் அரசியல் சட்டத்தில் சேர்த்த 350-ஏ பிரிவு, மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் கொடுக்க வசதி செய்யச் சொல்கிறது. வகுப்பில் பத்துப் பேர், அல்லது பள்ளியில் நாற்பது பேர் இருந்தால் ஆசிரியர் கேட்கலாம் என்பது 1949-இல் கல்வி அமைச்சர்கள் மாநாட்டில் ஒப்புக்கொண்ட கணக்கு. சத்தியவேடு, நகரி, சித்தூர் பக்கத்துப் பழைய தமிழ்க் குடும்பங்கள் இதைக் கொண்டுதான் பள்ளிகளைக் காத்துவருகிறார்கள். புதிதாக வரும் நாமோ பிள்ளையைக் கிடைத்த கான்வென்டில் போட்டுவிட்டு, தமிழ்ப் பள்ளியில் ஆள் இல்லை என்று வருத்தப்படுகிறோம். எத்தனை தமிழ்ப் பிள்ளைகள், எந்தத் தெருவில், எந்த வகுப்பில் என்று சங்கத்திடமே பட்டியல் கிடையாது. பட்டியல் இல்லாமல் எந்த ஆபீசில் போய் நிற்பது?

ஆகவே இன்று தீர்மானம் எதுவும் கொண்டுவரவில்லை. ஒரு பதிவேடு கொண்டுவந்திருக்கிறோம். பிள்ளையின் பெயர், வகுப்பு, இப்போது படிக்கும் பள்ளி, நான்காம் வகுப்பிலிருந்து எந்த வருடம் எந்த ஊர், தகப்பனாரின் நியமனக் கடிதம் யார் பெயரில், சாதிச் சான்றிதழ் கையில் உண்டா இல்லையா. இவ்வளவுதான் கட்டங்கள். இந்தக் கோடைக்குள் குடும்பத்தைக் கொண்டுவர நினைப்பவர்கள் டி.சி. வாங்குமுன் ஒருமுறை எங்களிடம் வாருங்கள். இந்தத் தடவை வகுப்பைக் கேட்ட பிறகே யோசனை சொல்வோம். மேசை வாசல் பக்கம் போட்டிருக்கிறது. எழுதிக்கொள்ள அந்தப் பெண்ணின் தாயாரே உட்கார்ந்திருக்கிறார்.